யோகா மேட்: தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள்

கடையில் யோகா மேட் கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துப் போடுவது 10 மி.மீ. தடிமனுள்ள மேட்டைத்தான். "மெத்து மெத்துன்னு இருக்கும் சார், முட்டி வலிக்காது" என்பார்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து விரித்து, விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றதும் சங்கதி தெரிந்துவிடும். பாதம் அமிழும், கணுக்கால் இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டத்தைச் சமாளிக்கத் தாடை இறுகும், மூச்சு நெஞ்சில் நின்றுவிடும். மனம் அடங்கட்டும் என்று தொடங்கிய பயிற்சியில் மனம் முழுக்கக் கணுக்காலிலேயே கிடக்கும்.

மேட் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தினமும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் உடம்பு தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். பதஞ்சலி யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் அத்தியாயத்தில், 46ஆவது சூத்திரம் ஆசனத்துக்கு இரண்டே இலக்கணம் சொல்கிறது: அசையாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். தடித்த மேட் சுகத்தை மட்டும் தந்து அசையாமையைப் பறித்துவிடுகிறது. வழுக்கும் மேட்டில் இரண்டுமே போய்விடுகிறது. ஆகவே இங்கே கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் மேட் வகைகளையும், நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் ஜமுக்காளம், கோரைப்பாய், கம்பளியையும் இந்த இரண்டையும் வைத்தே எடை போடுகிறோம். ஒரே வகை மேட் பல பெயர்களில் விற்கப்படுவதால் கம்பெனிப் பெயரைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை

முதலில் எடையைப் பாருங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. 10 மி.மீ. தடிமனுள்ள என்பிஆர் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) நுரை மேட் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். 4 மி.மீ. பிவிசி மேட்டும் ஏறக்குறைய அதே 1 கிலோதான். இரண்டரை மடங்கு தடிமன், ஆனால் எடை அதே என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. ஏறி நின்றால் அந்தக் காற்றுதான் அமுங்குகிறது. 5 மி.மீ. இயற்கை ரப்பர் மேட் 2 கிலோவைத் தாண்டும். தூக்கிப் போவது சிரமம்தான், ஆனால் விரித்த இடத்தில் அசையாமல் கிடக்கும்.

அடுத்தது, கட்டைவிரலால் அழுத்தி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்துவிட்டு எடுங்கள். குழி உடனே மேலெழுந்து சமமாகிவிட்டால் நல்லது. குழி அப்படியே நின்று மெதுவாக எழுந்தால், சில மாதங்களில் கை, கால் படும் இடங்களில் நிரந்தரப் பள்ளம் விழுந்துவிடும். விரலுக்குக் கீழே தரையின் கடினம் அப்படியே தெரிந்தால் அந்த மேட் முட்டியையும் காக்காது, பாதத்தையும் நிறுத்தாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. உள்ளங்கையை லேசாக ஈரமாக்கிக்கொண்டு மேட்டின் மேல் வைத்து முன்பக்கமாகத் தள்ளுங்கள். உலர்ந்த கைக்குப் பெரும்பாலான மேட்டுகள் பிடிக்கும். நம் ஊர் வெயிலில், அதுவும் கடலோர ஊர்களில், நான்காவது சூரிய நமஸ்காரத்திலேயே கை வியர்த்துவிடுகிறது. ஆகவே ஈரக்கைக்குப் பிடிக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

பொருள் வாரியாக

என்பிஆர் நுரையைப் பற்றி மேலே சொன்னதே போதும். ஆனால் ஏன் மணிக்கட்டு வலிக்கிறது என்று மட்டும் விளக்கிவிட வேண்டும். ஏனென்றால் பலரும் அந்த வலியைத் தங்கள் உடம்பின் குறை என்று நினைத்து யோகாவையே விட்டுவிடுகிறார்கள். கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்திலோ பலகைபோல் நிற்கும் நிலையிலோ எடை உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குகிறது. மெத்தென்ற மேட்டில் அந்த அடிப்பகுதி அமிழ்ந்து, விரல்கள் மேலேயே நின்றுவிடுகின்றன. மணிக்கட்டு தன் இயல்பான எல்லையைத் தாண்டிப் பின்னோக்கி மடிகிறது. ஒரு நாளில் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் மணிக்கட்டின் மேல்புறம் குத்தத் தொடங்கும். தரையில் நேராகக் கை வைத்துப் பாருங்கள். வலி குறைந்தால் குற்றம் மேட்டில்தான். படுத்துக்கொண்டே செய்யும் வயிற்றுப் பயிற்சிக்கும், முதுகு தரையில் உறுத்துகிறவர்களுக்கும் இந்த நுரை மேட் உதவும். யோகாசனத்துக்கு வேண்டாம்.

பிவிசிதான் யோகா மேட்டின் தொடக்கம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் யோகா கற்பித்துக்கொண்டிருந்த ஆஞ்சலா ஃபார்மர் என்ற இங்கிலாந்து நாட்டு ஆசிரியை, தரைக் கம்பளத்தின் அடியில் போடும் ரப்பர் போன்ற வலைத்துணியைத் துண்டாக வெட்டிப் பயன்படுத்தினார். அறுவை சிகிச்சை ஒன்றின் காரணமாக அவருக்குக் கை கால்கள் வியர்ப்பதில்லை, அதனால் தரையில் பிடிமானமே கிடைக்கவில்லை. ஆக, உலகம் முழுக்க உருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போகும் இந்த மேட், வியர்க்காத கைகளுக்காகத் தொடங்கியது. வியர்வையில் நனையும் நம் கைகளுக்கு அது சரிவருமா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பிவிசியில் 4 மி.மீ. நல்ல அளவு. உழைப்பு அதிகம், ஐந்தாறு வருடம் தாங்குவதும் உண்டு. விலையும் ரப்பரைவிடக் குறைவு. புதிதில் வழுக்கும், காரணம் தயாரிப்பின்போது மேற்பரப்பில் படியும் மெல்லிய பூச்சு. ஈரத்துணியில் இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் விட்டுத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, ஒரு வாரம் பயிற்சியும் செய்தால் பிடிமானம் வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் அந்த மேட் அப்படித்தான். மூக்கைத் துளைக்கும் வாசனை அடித்தால் வாங்காதீர்கள். பிவிசியை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கும் தாலேட் என்ற இரசாயனம் பற்றிக் கவலை இருப்பதால், தாலேட் இல்லை என்று அட்டையில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சவாசனத்தில் பத்து நிமிடமும், குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனத்தைத் தொடங்கும்போது மூக்கு மேட்டை ஒட்டியும் மூச்சு இழுக்கிறோம். அந்த மூச்சு சுத்தமாக இருக்க வேண்டாமா?

இயற்கை ரப்பர் மேட்டுக்கே எங்கள் ஓட்டு. உலர்ந்த கைக்கும், ஓரளவு வியர்த்த கைக்கும் பிடிக்கும். 4 அல்லது 5 மி.மீ. போதும். பாதத்தை அமிழவிடாமல் தாங்கும், முட்டியையும் ஓரளவு காக்கும். ரப்பர் கோட்டயத்திலும் கன்னியாகுமரியிலும் விளைகிற நம் பொருள்தான், ஆனாலும் மேட்டாக வரும்போது விலை பிவிசியைப்போல மூன்று நான்கு மடங்காகிவிடுகிறது. அதைக் கொடுத்து வாங்குகிறவர்கள் அதன் எதிரிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் எதிரி எண்ணெய். நம் வீடுகளில் பெரும்பாலான ரப்பர் மேட்டுகள் கெடுவதற்கு இதுதான் காரணம். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, மிருதுவாகி, பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அப்படியே சவாசனத்தில் படுத்தால், தலை படும் இடத்தில் சில மாதங்களில் வட்டமாக ஒரு கறை தோன்றும். அதைச் சுரண்டினால் கறுப்புத் தூள் நகத்தில் ஒட்டும். தலைமாட்டில் ஓர் ஈரிழைத் துண்டை விரித்துக்கொண்டால் இது வராது. மணக்கட்டும் என்று நீலகிரித் தைலம் தெளிப்பதும் அதே கேட்டைச் செய்யும். கைக்கு கிரீம் தடவியிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது எதிரி வெயில். மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்ட ரப்பர் மேட் விரைவிலேயே மேலே நுண்ணிய வெடிப்பு விட்டுக் கடினமாகிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும். புதிதில் இரண்டு வாரம் ரப்பர் வாடை இருக்கும், விரித்து வைத்தால் போய்விடும். லேடக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ தோல் தடிக்கிறவர்கள், இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

டிபிஇ மேட் நடுத்தர விலையில் இப்போது எங்கும் கிடைக்கிறது. பெரும்பாலும் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். எடை குறைவு, வாடை இல்லை, வகுப்புக்குப் பேருந்தில் எடுத்துப்போகிறவர்களுக்கு வசதி. ஆனால் நகம் பட்டால் கீறும், மேசை நாற்காலிக் கால் ஏறினால் குழி விழும், வெயிலில் நின்ற காருக்குள் விட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். இது மண்ணில் மக்கிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம், இதுவும் ஒருவகை பிளாஸ்டிக்தான். தினமும் பயிற்சி செய்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் கை படும் இடம் உரியத் தொடங்கும். வாரம் மூன்று நாள் செய்கிறவர்களுக்கு இது போதுமானது.

ரப்பரின் மேல் பியூ (பாலியூரிதேன்) பூச்சுப் பூசிய மேட்டுகள் ஈரக்கைக்கு அபாரமாகப் பிடிக்கும். அதிகம் வியர்க்கிறவர்களுக்கு இதைவிட வேறில்லை. ஆனால் மேற்பரப்பு எண்ணெயையும் அழுக்கையும் அப்படியே உறிஞ்சும். கறை போகட்டும் என்று தேய்த்தால் பூச்சு போய்விடும். கார்க் எனப்படும் தக்கை மேட் இதற்கு நேர்மாறான குணம் கொண்டது: காய்ந்திருக்கும்போது வழுக்கும், ஈரம் பட்டால் பிடிக்கும். தொடங்கும் முன் கை, கால் வைக்கும் இடங்களில் நாலைந்து துளி தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். சுருட்டும்போது தக்கைப் பக்கம் வெளியே வரும்படி சுருட்டுங்கள், உள்ளே வைத்துச் சுருட்டினால் வெடிக்கும்.

நம் வீட்டு விரிப்புகள்

மைசூர் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தியபோது ஒட்டும் மேட் ஏதும் கிடையாது. அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் பிற்காலத்தில் கம்பளி, நாற்காலி, கட்டை, பெல்ட், திண்டு என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் பயிற்சிக் கருவியாக்கினார். இன்றைக்கும் அஷ்டாங்க யோகா வகையினரில் பலர் ரப்பர் மேட்டின் மேல் கனமான பருத்தி விரிப்பைப் போட்டுத்தான் செய்கிறார்கள். வியர்வையைப் பருத்தி குடித்துக்கொள்கிறது, நழுவாமல் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. நம் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

அந்தப் பருத்தி விரிப்புக்கு மைசூர் வரை போக வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமுக்காளம் போதும். புவிசார் குறியீடு பெற்ற இந்த ஜமுக்காளத்தில் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தடித்த பருத்தி நூலில், அகலமான வண்ணப் பட்டைகளோடு நெய்தது ஒன்று. செயற்கைப் பட்டு நூலில், பூவேலைக் கரையோடு நெய்தது இன்னொன்று. இரண்டாவது பார்க்க அழகு, கல்யாண வீட்டுக்கு ஏற்றது. ஆனால் பளபளப்பான நூல் என்பதால் பாதம் நழுவும். பருத்தியையே கேட்டு வாங்குங்கள். தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள், சாயம் கொஞ்சம் போகும், சற்றுச் சுருங்கவும் செய்யும். அதனால் மேட்டைவிட ஒரு சாண் நீளமாகவே வாங்குவது நல்லது.

ஜமுக்காளத்தைத் தனியாக டைல்ஸ் தரையில் போட்டு நின்று செய்யும் ஆசனங்களைச் செய்யாதீர்கள். வீரபத்ராசனத்தில் கால்களை அகட்டி நிற்கும்போது துணி தரையில் வழுக்கிக் கால் இன்னும் அகன்றுபோய்த் தொடையின் உட்புறத் தசை இழுத்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு ஆற வாரக்கணக்காகும். அடியில் மெல்லிய பிவிசி மேட் ஒன்று, 3 மி.மீ. ஆனாலும் போதும், கட்டாயம் வேண்டும்.

கோரைப்பாய் வேறு கதை. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் நுண்ணிய பட்டுப்பாய் அவ்வளவு மெல்லியது, அதில் முட்டி ஊன்றினால் இழை பிரிந்துவிடும். ஆசனத்துக்கு அதைப் பயன்படுத்துவது அந்த நெசவுக்குச் செய்யும் அநியாயம். சாதாரணக் கோரைப்பாய் உட்காரவும் படுக்கவும் நல்லது. உடம்புக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும், கோடையில் முதுகு வேர்க்காது. பிராணாயாமம், தியானம், சவாசனம் இந்த மூன்றுக்கும் பாய் போதும். மடிக்காமல் சுருட்டி, நிமிர்த்தி வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் கறுத்துப்போகும்.

உட்காரும் இடம்

மேட் விளம்பரங்களில் எல்லோரும் வளைந்து நெளிந்துதான் நிற்கிறார்கள். அமைதி தேடி யோகாவுக்கு வருகிறவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பதோ உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் நேரமும், படுத்துக் கிடக்கும் பத்து நிமிடமும். அங்கே எந்த மேட்டும் முழு உதவி செய்வதில்லை. மடித்த கம்பளிதான் செய்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஐயாயிரம் ரூபாய் மேட்டைவிட இது பயன் தரும்.

வெறும் மேட்டில் சம்மணம் போட்டால் நம்மில் பலருக்கு முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கிறது. நாற்காலிக்குப் பழகிய உடம்பு, இடுப்பு மூட்டு இறுகியிருக்கிறது. முழங்கால் உயர்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் சாய்கிறது, கீழ்முதுகு கூனுகிறது, நெஞ்சு உள்வாங்குகிறது. வயிறு மடிந்து உதரவிதானம் இறங்க இடமில்லாமல் போகிறது. இந்த நிலையில் நான்கு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னால் மூச்சு தோள் வரைதான் போகும். ஐந்து நிமிடத்தில் முதுகு கடுக்கும், பத்தில் முட்டி கூப்பிடும். 'எனக்குத் தியானமே வரமாட்டேங்குது' என்கிறவர்களில் பலருக்கு வராதது தியானம் அல்ல, உட்காரும் உயரம்.

சரிசெய்வது எளிது. சுமார் 150க்கு 220 செ.மீ. உள்ள கம்பளியை மூன்று முறை பாதிபாதியாக மடித்தால் எட்டு அடுக்கு வரும், ஏறக்குறைய 4 அல்லது 5 செ.மீ. உயரம். இன்னொரு முறை மடித்தால் பதினாறு அடுக்கு, 8 முதல் 10 செ.மீ. பெரும்பாலானவர்களுக்கு இந்த உயரம் தேவைப்படுகிறது. மடிப்பு விளிம்பு, அதாவது நூல் தொங்காத மொழுமொழுப் பக்கம், முன்னால் வரட்டும். அந்த விளிம்பில் உட்கார்ந்து, உட்காரும் எலும்புகள் இரண்டும் கம்பளி மேலும், தொடைகள் கம்பளிக்கு வெளியே கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கும்படி பாருங்கள். நடுவில் போய் உட்கார்ந்தால் தொடையும் உயர்ந்துவிடும், பயன் போய்விடும். இப்போது முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ தாழ்ந்தோ இருக்க வேண்டும். இன்னும் அந்தரத்தில் நின்றால் இரண்டு முட்டிக்கும் கீழே மடித்த துண்டு வையுங்கள். தொங்கும் முட்டி தொடைத் தசையைத் தளரவே விடாது.

கணுக்காலின் வெளிப்புற எலும்பு தரையில் உறுத்தினால் ஜமுக்காளத்தின் ஓரத்தை அந்த இடத்தில் மட்டும் இரண்டாக மடித்துக்கொள்ளலாம். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது. பொறுத்துக்கொண்டு வெல்லும் விஷயமல்ல அது. காலை மாற்றுங்கள், அல்லது உயரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வஜ்ராசனத்தில் பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் இடையே கம்பளியை வைத்து உட்காருங்கள். முட்டி அறுவை சிகிச்சை செய்தவர்கள் நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரலாம், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் யோகியின் இருக்கை சொல்லப்படுகிறது: சுத்தமான இடத்தில், மிக உயரமும் இல்லாமல் மிகத் தாழ்வும் இல்லாமல், தர்ப்பை, அதன்மேல் மான்தோல், அதன்மேல் துணி. கீழே காற்றோட்டமும் ஈரத்தடுப்பும், நடுவே மெத்தென்ற சூடு, மேலே வியர்வை உறிஞ்சும் துணி. பாய், கம்பளி, துண்டு என்று நம் வீட்டில் அடுக்கினால் அதே ஏற்பாடு வந்துவிடுகிறது. மிக உயரமும் வேண்டாம், மிகத் தாழ்வும் வேண்டாம் என்ற அந்த ஒரு வரி, மேட் வாங்கும் எல்லோருக்கும் உதவும்.

உயரம் சரியாக அமைந்ததா என்று அறிய நாடி சுத்தி, அதாவது நாசி மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி, செய்து பாருங்கள். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, மாற்று நாசியில் மறுபடியும் அதேபோல. மூச்சை உள்ளே நிறுத்த வேண்டாம். ஒரு சுற்றுக்கு 20 வினாடி, 12 சுற்றுக்கு நான்கு நிமிடம். எட்டாவது, ஒன்பதாவது சுற்றில் ஆறு எண்ணி விடும் மூச்சு பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதுகு கூனியிருக்கிறது. கம்பளியை இன்னொரு மடிப்பு உயர்த்திவிட்டு மறுபடி செய்யுங்கள். மூச்சு சத்தமில்லாமல், கயிறு போல நீளமாக வெளியே போகும்போது தெரியும். உட்கார்ந்திருக்கும் நினைப்பே மறந்துபோகும். இந்த இடத்தில்தான் மனசு அடங்கத் தொடங்குகிறது.

திண்டு

ஆன்லைனில் போல்ஸ்டர் என்று விற்கும் பலவற்றில் உள்ளே இருப்பது ஃபோம். முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்தால் அமுங்கி மூங்கில் பாலம் போல ஆடும். தெருவிலிருக்கும் மெத்தைக்கடையில் சொல்லிச் செய்வதே மேல். நீளம் 60 செ.மீ., குறுக்களவு 22 செ.மீ. உருண்டைத் திண்டு. இலவம்பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலையணைக்கு அது அருமை, திண்டில் ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். பருத்திப் பஞ்சு, இறுக்கி அடைத்து, இரண்டரை முதல் மூன்று கிலோ. மேலுறை தனியாக ஜிப் வைத்து, கழற்றித் துவைக்கும்படி. ஏறி உட்கார்ந்தால் இரண்டு விரற்கடைக்கு மேல் அமிழக் கூடாது.

சவாசனத்தில் இதை முழங்காலுக்கு அடியில் வைத்தால் கீழ்முதுகு தரையில் படியும். முதுகுவலி உள்ளவர்கள் அசையாமல் பத்து நிமிடம் படுத்திருக்க இது ஒன்றே போதும். முகவாய் மேல்நோக்கித் தூக்கியிருந்தால் கைத்துண்டை மடித்துத் தலைக்கு அடியில் கொடுங்கள், நெற்றி முகவாயைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். ஏசி அறையிலும், மார்கழியில் கிரானைட் தரையிலும் ஒரு போர்வை போர்த்திக்கொள்வது அவசியம். அசையாமல் படுத்ததும் உடம்புச் சூடு குறையும், குளிர்ந்தால் தசை மறுபடி இறுகிக்கொள்ளும். 4 மி.மீ. மேட் மட்டும் இருந்தால் தரையின் குளிர் முதுகில் ஏறும், ஜமுக்காளம் மேலே இருந்தால் ஏறாது.

நழுவினால் மேட்டைத் திட்டுவதற்கு முன்

பளபளப்பான டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத தூசு படிந்திருந்தால் எந்த மேட்டும் நழுவும். விரிக்கும் முன் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். மேட்டின் அடிப்பக்கத்தையும் வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும், பலர் மேல்பக்கத்தை மட்டுமே துடைக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சோப்புத் திரவம் போதும். அதிகமானால் சோப்பு மேட்டிலேயே தங்கி அதுவே வழுக்கும். வாஷிங் மெஷினில் போடக் கூடாது. நன்றாகக் காயாமல் சுருட்டினால் புளித்த வாடை வரும். மழைக்காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரமாவது மின்விசிறிக்கு அடியில் கிடக்கட்டும்.

அளவைப் பொறுத்தவரை, வழக்கமான மேட் 173க்கு 61 செ.மீ. ஐந்தடி ஐந்தங்குலத்துக்கு மேல் உயரம் உள்ளவர்கள் 183 செ.மீ. நீளமுள்ளதை வாங்க வேண்டும். சவாசனத்தில் குதிகால் வெறும் தரையில் கிடந்தால் கவனம் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். முட்டி வலிக்காகத் தடித்த மேட் தேட வேண்டாம். பூனைபோல் கையும் முட்டியும் ஊன்றிச் செய்யும் மார்ஜாரி ஆசனத்தில் முட்டிக்கு அடியில் மட்டும் துண்டை நான்காக மடித்துப் போட்டால், நிற்கும்போது பாதத்துக்கு உறுதியும் மண்டியிடும்போது முட்டிக்கு மெத்தும் இரண்டுமே கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: 4 மி.மீ. பிவிசி மேட், பருத்தி ஜமுக்காளம் ஒன்று, வீட்டில் இருக்கும் கம்பளி. திண்டு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் விடாமல் செய்துவிட்டால் அப்போது ரப்பர் மேட் வாங்குங்கள். அதற்குள் உங்கள் கை எவ்வளவு வியர்க்கிறது, முட்டி என்ன கேட்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பழைய மேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கை கால் படாத நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை ஒரு முழச் சதுரமாக வெட்டினால் முட்டிக்கு வைக்க இரண்டு துண்டு கிடைக்கும். மிச்சத்தை நான்கு சிறு துண்டுகளாக்கி ஜமுக்காளத்தின் நான்கு மூலைக்கும் அடியில் போட்டால், வெறும் தரையில் விரித்து உட்காரும்போது அது நகராது.